காலி ஃபோல்டர்... ஜாக்கிரதை!

அழிக்கிற டூல் ஒண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னா, 'ஒழுங்கா அழிக்குதா?'ன்னுதானே முதல்ல பார்ப்பீங்க? அது அஞ்சு நிமிஷ வேலை பாஸ். எதையெல்லாம் அழிக்காம விடுதுங்கிறதுதான் மேட்டரே!

என் இன்டர்ன்ஷிப் வேலை இதுதான். டெர்மினல்ல ஒரு வரி தட்டினா, காலியா கிடக்கிற ஃபோல்டர்களைத் தேடி நீக்குற குட்டி டூல். ஆபீஸ்? செங்கத்துல எங்க வீட்டு மாடி. சிஸ்டம், 2011-ல் தமிழக அரசு தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவுக்கு வந்தது. அவ கல்யாண போட்டோ மொத்தமும் அதுலதான். அதனால நிஜ ஃபோல்டர் பக்கமே போகாம, டம்மி ஃபோல்டர்களை உருவாக்கி அதுல மட்டும் விளையாட்டு.

புள்ளி வச்சுத் தொடங்குற ஃபைல் லினக்ஸ்ல சாதாரணமா கண்ணுல படாது. உங்களுக்குக் காலியாத் தெரியுற ஃபோல்டர், நிஜத்துல காலி இல்லை. டூல் ஏமாறலை. சபாஷ்!

அடுத்தது கொஞ்சம் வில்லங்கம். 'காலி'ன்னு டூல் பார்த்து முடிச்சு, அழிக்கப் போற அந்தக் கண்சிமிட்டுற நேரத்துல வேற புரோகிராம் ஒரு ஃபைலை உள்ளே போட்டுட்டா? 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்' பாணியில அடிச்சா ஃபைலும் சேர்ந்து அவுட். 'ஆர்எம்டிஐஆர்' அப்படியில்லை. 1971 யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிற தாத்தா கமாண்ட். உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தாலும் 'முடியாது'ன்னுடும். எங்க டூலும் தாத்தா வழிதான்.

எல்லாமே பாஸ். ஆனா ஒரு இடம் உறுத்துச்சு. 'மெயில்டிர்'னு மெயில் சேமிக்கிற முறை ஒண்ணு உண்டு. அதுல 'டெம்ப்' ஃபோல்டர் பெரும்பாலும் காலியாத்தான் இருக்கும். ஆனா புது மெயில் முதல்ல அங்கே எழுதப்பட்டுத்தான் 'நியூ' ஃபோல்டருக்குப் போகணும். டூல் ரூல்படி அதை நீக்கிடுச்சு. அடுத்த மெயில் எங்கே இறங்கும்?

எங்க ஊர் செய்யாறை வெயில் காலத்துல வந்து பாருங்க, வெறும் மணல். காலியா இருக்கேன்னு பிளாட் போட்டா, ஜவ்வாது மலையில மழை வெளுத்து வாங்குற அன்னைக்குத் தெரியும் சேதி!

டெவலப்பர் அண்ணா, "சொன்னதைத்தானே செஞ்சிருக்கு, இது பக் இல்லை"ன்னார். "காலின்னா வேண்டாததுன்னு அர்த்தமாண்ணா?"ன்னு நானும் விடலை. போன்ல அரை மணி நேரம் சண்டை. கடைசியில, அழிக்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட் மட்டும் காட்டுற ஆப்ஷன், 'இதைத் தொடாதே'ன்னு பெயர் கொடுக்குற ஆப்ஷன், ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டார். முதலாவது ரெடி. ரெண்டாவதுக்கு டெஸ்ட் எழுதிட்டிருக்கேன்.