அடுத்த கேள்வி எது?

பணி ஓய்வுக்கு முந்தைய பருவத்தில், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்குக் கேள்வி தரும் ஒரு மென்பொருளை விளக்க வந்த தம்பி, “இனிமேல் எந்தப் பிள்ளை எந்த நிலையில இருக்குன்னு நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டாம் சார். சரியா போட்டா கஷ்டமான கேள்வி வரும், தப்பா போட்டா சுலபமானது வரும். எல்லாம் அதுவே பார்த்துக்கும்” என்றார். பாதி அறை கைதட்டியது. எனக்கு மனம் வலித்தது.

விடையைப் பார்த்து மேலேயோ கீழேயோ நகர்வது பிரான்சில் உளவியலாளர் பினே வகுத்த அறிவுத்திறன் சோதனைகளிலேயே உண்டு; அதற்கு வயது நூறு தாண்டிவிட்டது. நம் பள்ளிகளிலோ 2003இல் சென்னை மாநகராட்சியில் தொடங்கி, 2007இல் தமிழகம் முழுக்க வந்தது செயல்வழிக் கற்றல். ஏணிப்படியில் தன் படியைத் தானே பார்த்து அட்டை எடுத்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தபோதும் அதன் நியாயம் எங்களுக்கு உடனே புரிந்தது. அப்பா அம்மா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது கூடவே போய், பாதிப் பருவம் கழித்துத் திரும்பும் பிள்ளையை எந்தப் பாடத்தில் உட்காரவைப்பது என்பது தருமபுரி ஆசிரியருக்கு ஆண்டுதோறும் வரும் கேள்வி.

ஆகவே நிலை பார்த்துப் பாடம் தருவதை நான் மறுக்கவில்லை; விடை சரியா தப்பா என்பது மட்டும் அதற்குப் போதுமா என்பதே என் கேள்வி. அன்று பயிற்சியில் நான் கேட்டது ஒரே ஒரு கணக்கு: 302இலிருந்து 147ஐக் கழிக்க வேண்டும். நான்காம் வகுப்பில் இதைத் தப்பாகப் போடுபவர்களின் ஸ்லேட்டைப் பாருங்கள். ஒருவன் 245 என்பான். ஒருத்தி 255 என்பாள். இன்னொருவன் 105 என்பான். மென்பொருளுக்கு மூன்றும் தவறு, அவ்வளவுதான். மூவருக்கும் 48–23 என்று சுலபமான ஒன்றைத் தந்தது. அதில் கடன் வாங்கும் வேலையே இல்லை. மூவரும் சரியாகப் போடுவார்கள்; மறுபடி மேலே ஏற்றும்; மறுபடி விழுவார்கள்.

245 போட்டவன் மேலே கீழே பார்ப்பதில்லை, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறான். அவனிடம் 42–17 கொடுத்தால் 35 என்பான். அவனுக்குக் கடன் வாங்குவதே தெரியாது. 255 போட்டவள் 42–17ஐச் சரியாகப் போடுவாள். பூஜ்ஜியத்தை ஒன்பதாக்கியவள், நூறில் ஒன்று குறைந்ததை மறந்துவிட்டாள். 105 போட்டவனோ பத்தாமிடத்தைத் தாண்டிக் குதித்து நூறிலிருந்து நேராக ஒன்றாமிடத்துக்குக் கடன் வாங்குகிறான். பிறகு, ‘பூஜ்ஜியத்தில் நாலு போகாது’ என்று பூஜ்ஜியமே எழுதிவிடுகிறான்.

255, 105 போட்ட இருவருக்கும் அடுத்த கேள்வியை நான் எழுதிக் காட்டுவதில்லை. நூறு குச்சிக் கட்டுகள் மூன்றையும் தனிக் குச்சிகள் இரண்டையும் முன்னால் வைத்து, “ஏழு குச்சி கொடு கண்ணு” என்பேன். நூறு கட்டை அவிழ்த்தால் பத்துப் பத்துக் கட்டுகள் வரும். அதில் ஒன்றை அவிழ்த்தால்தான் ஏழு தர முடியும். கை எந்த முடிச்சில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்துதான் பாடம்.

இதைச் சொன்னபோது, “அதுக்கெல்லாம் நேரம் எங்க சார்?” என்றார் பக்கத்திலிருந்த இளம் ஆசிரியை. அவர் மீது எனக்குக் கோபமில்லை. பதிவேற்றத்துக்கே நேரம் போதாத வேலையில் அவரை உட்காரவைத்திருக்கிறோம். ஆனாலும் சொல்கிறேன், விடையின் நிறம் பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்க்கப் பழகிய கண், விடைக்கு வந்த வழியைப் பார்ப்பதில்லை. என்னோடு வேலை பார்த்த மூத்தவர்களுக்கு இது சொல்லித் தரப்படாமலே தெரியும். இப்போது சொல்லித் தந்தாலும் கேட்க ஆளில்லை.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள்: பிள்ளை போட்ட தப்பு விடையை அப்படியே ஆசிரியருக்குக் காட்டுங்கள். இளம் ஆசிரியர்களுக்கு: திரையில் சிவப்பு வந்த பிறகு, அந்தப் பிள்ளையிடம் “எப்படிப் போட்ட, சொல்லு” என்று ஒரு தடவை கேளுங்கள்.