வைஸும் விசாவும்

முதல்லயே சொல்லிடறேன், துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு அலசப் போறதில்லை. அந்தச் சண்டையை வீட்ல தங்கமணியோட போட்டு, வழக்கம்போல தோத்தாச்சு. இது வைஸ் கதை. பட்டறையில இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அந்த வைஸ்.

நான் இருக்கிறது பென்சில்வேனியாவுல ஒரு சின்ன ஊர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயசு 74. அவரோட பையன் பார்ட் பார்ட்டா வாங்கி, கராஜுல உட்கார்ந்து தானே கோர்த்த ஏஆர்-15 ரைஃபிள் ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. பையன் தவறி ஆறு வருஷம் ஆச்சு. இப்ப பேத்தி அதை வெச்சுத்தான் 'ஹை பவர்' போட்டிக்குப் போறா. 200, 300, 600 கஜ தூரத்துல காகித இலக்கைச் சுடுற போட்டி. ஒஹையோவுல கேம்ப் பெர்ரின்னு ஒரு இடம், 1907லேர்ந்து தேசியப் போட்டி நடக்கிற மைதானம். அங்க ஒரு தடவை சுடணும்ங்கிறது அவ ஆசை.

பிரச்னை என்னன்னா, பேரல் தேஞ்சு போச்சு. ஆயிரக்கணக்குல சுட்டா, தோட்டா குழாய்க்குள்ள நுழையற இடம் சூட்டுல அரிச்சுடும், குறி சிதற ஆரம்பிக்கும். புதுப் பேரல் வாங்கியாச்சு. மாட்டணும். பெரியவருக்குக் கை நடுக்கம். "உங்க அப்பா லேத் வெச்சிருந்தார்னு சொன்னியே, நீ மாட்டிக் கொடு"ன்னுட்டார்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். கோயமுத்தூர் கணபதியில அப்பாவோட பட்டறை. அங்க வைஸோட ரெண்டு பக்கமும் செம்புத் தகடு மடிச்சுப் போட்டிருக்கும், இரும்புப் பல்லு ஜாப்பைக் கடிச்சுடக் கூடாதுன்னு. பத்தாவது லீவுல நான் தகடைக் கழட்டிட்டு, மெருகு போட்ட ஷாஃப்ட் ஒண்ணை நேராப் பிடிச்சு முறுக்கிட்டேன். வரிசையாப் பல்லுத் தடம். அப்பா திட்டலை. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நின்னு வேற ஷாஃப்ட் கடைஞ்சார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏஆர்-15 ரெண்டு பாதியா பிரியும். ரெண்டு பின்னைத் தள்ளினா மேல்பாதி தனியா வந்துடும். அது உள்ள கூடா இருக்கிற அலுமினியம். நேரா வைஸ்ல போட்டு இறுக்கினா தகர டப்பா மாதிரி நசுங்கிடும். அதனாலதான் வைஸ் ப்ளாக். இதுல முக்கியமா ரெண்டு ஜாதி. ஒண்ணு, சிப்பி மாதிரி ரெண்டு பாதியா வெளியிலேர்ந்து கவ்வுறது. இன்னொண்ணு உள்ள நுழைஞ்சு, பேரலோட பின்முனையில இருக்கிற பற்களைப் பிடிச்சுக்கிறது.

நான் சிப்பியை வாங்கினேன். ஏன்? இருக்கிறதுலயே விலை கம்மி. பேரும் ஊரும் இல்லாத சரக்கு. சனிக்கிழமை காலைல மேகசின் கழட்டி, சேம்பர் காலின்னு நானும் பெரியவரும் தனித்தனியா ரெண்டு தடவை பார்த்து, போல்ட்டை வெளிய எடுத்து, பழைய பேரல் நட்டுல ஸ்பேனரைப் போட்டோம். அசையலை. பைப்பைச் செருகி நீளம் கூட்டி ஏறி அழுத்தினேன். 'க்ரீச்'னு ஒரு சத்தம். நட்டு கழண்டுச்சுன்னு நினைச்சு சிரிச்சேன். கழண்டது நட்டு இல்லை. மேல்பாதி முழுசும் ப்ளாக்குக்குள்ளயே வழுக்கித் திரும்பியிருக்கு. பக்கவாட்டுல ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு உரிஞ்சு வெள்ளையாக் கோடு.

மறுபடியும் பத்தாம் கிளாஸ்!

"நான் புதுசு வாங்கித் தந்துடறேன்"னு உளறினேன். நிஜமாவே வாங்கலாம். அமெரிக்கச் சட்டப்படி சீரியல் நம்பர் இருக்கிற கீழ்ப்பாதிதான் 'துப்பாக்கி'; மேல்பாதி வெறும் உதிரி பாகம். பெரியவர் தலையாட்டி மறுத்தார். அந்தக் கோட்டை விரலால தடவிப் பார்த்துட்டு, "காபி குடிக்கலாம்"னார். பையன் வாங்கின மேல்பாதிக்கு எந்தக் கடையில ஸ்பேர் கிடைக்கும்?

அடுத்த வாரம் இன்னொரு ஜாதியை வாங்கினேன். மேக்புல் கம்பெனியோட பெவ் ப்ளாக். பிளாஸ்டிக்தான், ஆனா உள்ள எஃகு கொடுத்திருக்கான். ஒரு முனை பேரல் பற்களைப் பிடிக்கும், திருப்பிப் போட்டா மறு முனை கீழ்ப்பாதியோட மேகசின் துளையில நிக்கும். ஒரே காசுல ரெண்டு வேலை. கைஸ்லி கம்பெனியோட ரியாக்‌ஷன் ராடுன்னு முழு எஃகுல ஒண்ணு இருக்கு. பிரமாதம், ஆனா விலை எகிறும், வருஷத்துக்கு ஒரு பேரல் மாத்துறவனுக்கு அது தேவையில்லைங்கிறது என் அபிப்ராயம். வால்நட் கட்டை போட்ட வேட்டை ரைஃபிளைத் துடைக்கவும் ஸ்கோப் மாட்டவும் மட்டும்னா இது எதுவுமே வேண்டாம். ரெண்டு மரத்துண்டுல தோல் ஒட்டிக்கிட்டா போதும்.

ப்ளாக் மாத்தினது மட்டும் காரணம்னு சொல்லமாட்டேன். உண்மையைச் சொல்லணும்ல? வெளியில பிடிச்சாலும் உள்ள பிடிச்சாலும், பேரலையும் மேல்பாதியையும் சேர்க்கிற அந்தச் சின்ன ஊசி கொஞ்சம் பாரம் சுமக்கத்தான் செய்யும். அதனால இந்தத் தடவை முரட்டுத்தனம் பண்ணலை. ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறப் போட்டோம். காலைல ஹீட் கன்னால நட்டைச் சூடு பண்ணினோம். முக்கியமா, வைஸையே பெஞ்சோட நாலு போல்ட் போட்டு இறுக்கினேன். போன தடவை பெஞ்ச் என்னோட சேர்ந்து டான்ஸ் ஆடிச்சு. எவ்வளவு நல்ல ப்ளாக் வாங்கினாலும் வைஸ் ஆடினா தண்டம்.

மூணாவது அழுத்துல நட்டு இளகுச்சு. மரையைப் பார்த்தா எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. ராணுவக் கையேட்டுல மாலிப்டினம் கிரீஸ் தடவி, மூணு தடவை இறுக்கித் தளர்த்தி, அப்புறம் 30லேர்ந்து 80 அடி-பவுண்டுக்குள்ள, கேஸ் ட்யூப் ஓட்டை நேரா வர்ற இடத்துல நிறுத்தச் சொல்லியிருக்கும்.

பெரியவர் குனிஞ்சு பார்த்தார். அப்புறம் ஒரேயடியா சிரிக்க ஆரம்பிச்சுட்டார். "அவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். எந்தக் கையேட்டையும் படிக்க மாட்டான்!" கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. நான் கிரீஸ் டப்பாவைத் தேடுற மாதிரி பெஞ்சுக்கு அடியில கொஞ்ச நேரம் இருந்துட்டேன்.

கிரீஸை அவரே தடவினார். நடுங்குற விரலாலேயே, ஒவ்வொரு மரையா. இறுக்கினது நான். சுடறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுத்து ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டுப் பார்த்தோம். அதை யாரும் தவிர்க்காதீங்க.

அந்த வெள்ளைக் கோட்டைக் கறுப்பு மார்க்கரால மறைச்சுடவான்னு பேத்திகிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டா. சிப்பி ப்ளாக் இப்ப எங்க கராஜ் கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் கொடுத்துட்டு இருக்கு.

டிஸ்கி: ஹெச்-1பி விசாவுல இருக்கிற நம்ம மக்கள் கவனத்துக்கு. மத்தியச் சட்டப்படி பொதுவா நீங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாது. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு. நான் க்ரீன் கார்டு வந்தப்புறம்தான் அந்த கராஜ் பக்கமே போனேன். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் விசா ஒண்ணுதான்.