ஒரு படி முன்னால் நிற்பவர்கள்

ஆவணி, திங்கள்

திங்கட்கிழமை அரண்மனை திறக்காது. பத்மநாபபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓணத்துக்கு ஊர் சுற்றக் கிளம்பி வேன் பிடித்து வருகிற கேரளத்துக் குடும்பங்களுக்குத்தான் தெரிவதில்லை. இன்றும் பூட்டிய வாசல் முன்னால் இறங்கி, அடுத்து என்ன செய்வதென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டீக்கடை அண்ணன் ஒவ்வொரு வண்டிக்கும் தொண்டை வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதே போனால் குமாரகோவிலில் நடை சாத்தும் முன் கும்பிடலாம், வெயில் தாழ்ந்த பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்கலாம், கன்னியாகுமரிக்குப் போகிறதென்றால் வழியில் சுசீந்திரம். கேட்டவர்களில் பலர் டீ குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள்.

"இதை எழுதி வச்சிருங்க அண்ணே."

"எழுதி வச்சா, டீ குடிக்க யாரு மக்ளே நிப்பா?"

கேட்க வேண்டிய கேள்விதான். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டால் ஆள் போய்விடுவான் என்ற பயம் சிறு வியாபாரி எல்லாருக்கும் உண்டு. ஆனால் பலகையைப் படிக்க நிற்கிறவன் கடை முன்னால்தானே நிற்கிறான்? ராத்திரியே எழுதிவிட்டேன். மேலே தமிழ், கீழே மலையாளம். முதல் வரி: இன்று அரண்மனை விடுமுறை. பிறகு மூன்று இடங்கள், எந்த இடத்துக்கு எந்த நேரம் நல்லது என்பதோடு. கழிப்பறை எங்கே என்று ஒரு அம்புக்குறி. கடையின் பெயர் கடைசி வரியில், சின்ன எழுத்தில். இரண்டுக்கு மூன்று அடி ஃப்ளெக்ஸ், நூற்றுச் சொச்சம் ரூபாய்.

ஆவணி, வியாழன்

நான் செய்வது நோட்டீஸ், லேபிள், அழைப்பிதழ், பலகை வாசகம். தக்கலையில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது கோட்டைக்குள் வீட்டிலிருந்தே செய்கிறேன். அதனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: "காசு அதிகம் போகாம நாலு பேருக்குத் தெரியணும், என்ன செய்யலாம்?"

இன்று கேட்டது தையல் அக்கா. ஆரி வேலை போட்ட கல்யாண ஜாக்கெட்டில் அவர் கையை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் குறைவு. பைப்பிங் பிசிறில்லாமல் ஓடும், கைக்குழி இழுக்காது. ஆனாலும் ஆவணி முகூர்த்தத்துக்கு எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஐந்நூறு நோட்டீஸ் அடித்து பேப்பருக்குள் வைத்து அனுப்பலாமா என்றார்.

வேண்டாம் என்றேன். பேப்பருக்குள் வருகிற நோட்டீஸ் அன்று காலையிலேயே பஜ்ஜி எண்ணெய் ஒற்றப் போய்விடும். அதைவிட, ஒரு கல்யாணம் நிச்சயமானால் அது முதலில் யாருக்குத் தெரியும் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்தோம். மண்டபத்து மேனேஜருக்குத் தெரியும், தேதி அவர் நோட்டில்தான் முதலில் ஏறுகிறது. அடுத்து சமையல்காரர், போட்டோகிராபர், பந்தல்காரர். பட்டுச் சேலை எடுத்த பிறகுதான் ஜாக்கெட்டைப் பற்றிப் பேச்சு. அதற்குள் மணப்பெண் அலங்காரம் செய்கிற பெண் "எனக்குத் தெரிஞ்ச ஒரு டெய்லர் இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறாள். அக்கா கடை திறந்து காத்திருப்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்.

எனக்கு இப்போது நிச்சயமாகத் தோன்றுவது இதுதான். நமக்கு வேண்டிய வாடிக்கையாளரை நமக்கு ஒரு படி முன்னால் சந்திக்கிற ஆள் ஒருவர் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார். விளம்பரத்துக்கு வைத்திருக்கிற காசையும் நேரத்தையும் ஊருக்கெல்லாம் இறைப்பதைவிட அந்த ஒருவரிடம் கொண்டுபோய் வைக்கலாம். அக்காவுக்கு அது பியூட்டி பார்லர். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, கை சும்மா இருக்கும். பார்லர் நடத்துகிற நாலு பெண்களுக்கு மாதிரிக்கு ஒரு கை மட்டும் ஆரி போட்டுக் கொடுங்கள், அவர்கள் கடையில் தொங்கட்டும் என்றேன். நோட்டீஸ் செலவில் பாதிகூட ஆகாது. பதிலுக்கு, ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களிடம் இவரும் அந்த பார்லர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கமாக மட்டும் ஓடுகிற உறவு இரண்டு முகூர்த்தம் தாண்டாது.

ஆவணி, ஞாயிறு

கோயில் கொடை நோட்டீஸுக்குப் புரூஃப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கடைக்காரர்களின் விளம்பரம். எங்கள் ஜில்லாவில் கோயில் கொடையானாலும் சர்ச் திருவிழாவானாலும் பள்ளி ஆண்டு மலரானாலும் இந்தப் பக்கம் இல்லாமல் அச்சேறாது. குறைந்த செலவில் நிறைய வீட்டுக்குள் போகிற தாள் இது. நிகழ்ச்சி நிரலுக்காகத் திருவிழா முடிகிறவரை சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள்? முதலாளி படம், "வாழ்த்துக்களுடன்", கடைப் பெயர், மூன்று செல் நம்பர். என்ன தொழில் என்பதே பாதிப் பேரிடம் இல்லை. பிளம்பிங் கடைக்காரருக்கு போன் போட்டு, "உங்களுக்கு மட்டும்தான் வரும் வேலை எது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பழைய ஓட்டு வீட்டில் சுவர் உடைக்காமல் பைப் மாற்றுவேன் என்றார். படத்தை எடுத்துவிட்டு அந்த வரியைப் போட்டேன், ஒரே ஒரு நம்பரோடு. படிக்கிறவர் தன் மச்சானுக்கு அதைத் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். 'தரமான சேவை' என்பதை யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

புரட்டாசி, செவ்வாய்

குலசேகரம் பக்கமிருந்து தேன்காரர் வந்திருந்தார். லேபிள் வேண்டும். பேச்சு நீண்டு மதியச் சாப்பாடு வரை போய்விட்டது.

தேன் தொழிலே தெரிந்தவர்களை வைத்துத்தான் நடக்கிறது. ரப்பர் மரம் மாசிக்கு முன்னும் பின்னும் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது, பூவில் இல்லை, இலைக்காம்பில் தேன் கசியும். அந்தச் சில வாரம்தான் அறுவடை. அவருக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. பெட்டி வைப்பது அடுத்தவர் எஸ்டேட்டில். தோட்டக்காரருக்கும் பால் வெட்டுகிறவர்களுக்கும் வருஷம் தவறாமல் தேன் போகும். ஒரு தோட்டத்தில் நல்லபடி நடந்துகொண்டால் பக்கத்துத் தோட்டக்காரர் தானே கூப்பிடுகிறார். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து புழுக்கள் செத்து, ஜில்லா முழுக்கப் பெட்டி காலியானபோது, பிழைத்த கூட்டங்களைத் தேடிப் பிடித்துத் தொழிலை மறுபடி தொடங்கியதும் இப்படி ஒருவருக்கொருவர் சொல்லித்தான் என்றார்.

நான் மார்த்தாண்டத்தின் கதையைச் சொன்னேன். இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் நம்மவர்களே மறந்துவிட்ட கதை. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராம முன்னேற்ற மையம் தொடங்கியது. டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார், 1932-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். தேனீ வளர்ப்பு இந்த ஜில்லாவில் வீட்டுத் தொழிலாக வேரூன்றியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்குண்டு. தேனும் முட்டையும் தனித்தனி ஆளாகச் சந்தையில் கூவி விற்காமல், சேர்த்து, தரம் பார்த்து, கூட்டுறவாக விற்கப் பழக்கினார்கள். பெட்டி இரண்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு விளம்பரம் செய்ய வகையில்லை. ஐம்பது குடும்பம் ஒரே பெயரில் நின்றால், அந்தப் பெயரே விளம்பரம். 'மார்த்தாண்டம் தேன்' என்று இன்று சென்னையில் சொன்னாலும் ஆள் திரும்பிப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, தேன்காரருக்கு ஒரு படி முன்னால் யார்? அவரே சொல்லிவிட்டார்: "வைத்தியர்தான்." சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்கிற ஜில்லா இது. சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஆள் நேராகப் போவது நாட்டு மருந்துக்கடைக்கு. அங்கே கல்லா மேஜையில் சின்னப் பாட்டில் இருக்க வேண்டும், கிலோ பாட்டில் இல்லை. சூரணத்துக்கு வேண்டிய அளவு ஐம்பது கிராம். லேபிளில் எடை, அறுவடை மாதம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். கூடவே ஒரு வரி: தேன் உறைவது இயல்பு, வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். உறைந்த தேனைப் பார்த்து சர்க்கரைப்பாகு என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களால்தான் மருந்துக்கடைக்காரர்கள் புது ஆளின் தேனை வாங்கப் பயப்படுகிறார்கள். சிபாரிசு செய்கிறவர் தன் பெயரையும் சேர்த்து அடகு வைக்கிறார். அவர் பெயர் கெடாமல் காப்பது நம் பொறுப்பு.

புரட்டாசி, நவராத்திரி புறப்பாட்டுக்கு மறுநாள்

நேற்று சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட. திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, 1956-ல் ஜில்லாவே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, இன்றும் மன்னரின் உடைவாள் கைமாறாமல் புறப்பாடு இல்லை.

கூட்டத்தில் மேளக்காரர் ஒருவரோடு நின்று பேசினேன். வருஷம் முழுக்க எந்த ஊரில் வாசிப்பு என்று அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. விசிட்டிங் கார்டு கிடையாது. ஒரு ஊர் கொடையில் வாசிக்கும்போது பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர் கேட்டுவிட்டுப் போகிறார், அடுத்த வருஷம் அழைப்பு வருகிறது. தன்னால் போக முடியாத தேதிக்கு வேறொரு செட்டை அவரே அனுப்பி வைக்கிறார். "நம்மால முடியலன்னு சொல்லி விட்டுட்டா அந்த ஊரு போச்சு. ஆளு அனுப்பினா ஊரும் நிக்கும், அவனும் நமக்கு அனுப்புவான்." நெட்வொர்க்கிங் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிற வகுப்புகளில் இதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

புரட்டாசி, சனி

மழை. வெளியே போகாமல் படித்தேன்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை. பாஸ்டன் பக்கத்து ஊர் ஒன்றில், தெரிந்தவர் மூலமாகப் புது வேலைக்குப் போனவர்களை விசாரித்திருக்கிறார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் சேதி வந்தது எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர் வழியாக. காரணம் நேரானது. நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. பழைய ஆபீசில் கூட இருந்தவர், பஸ்ஸில் பழக்கமானவர் இவர்களெல்லாம் வேறு வட்டத்தில் நடமாடுகிறவர்கள். தொழில் தொடங்கினவுடன் மாமன் மச்சானுக்கு மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு ஓய்ந்துபோகிற நம் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

கூடிப் பிழைப்பது நமக்குப் புதிதில்லை. பழைய ராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். பேட்டையும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதில் எழுந்தன. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும் அப்படிச் சேர்ந்து நிற்கப் பழகிய சமூகத்திலிருந்துதான், இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அது. சிகாகோவில் 1905-ல் ரோட்டரி தொடங்கியபோதும் தொழிலுக்கு ஓர் ஆள் என்று சேர்ந்து, ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொண்டார்கள், சேவை பிறகு வந்தது. மகமையில் சாதிக்கு வெளியே இருந்தவனுக்கு இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று நாம் கட்டுகிற வட்டத்துக்கு அந்த வேலி வேண்டாம். நாலு படலை தள்ளி இருக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளாத வட்டத்துக்குப் புதுச் சேதி எப்படி வரும்?

ஐப்பசி, புதன்

இ-சேவை மையத்துத் தம்பியிடம் போனேன். எனக்கு ஒரு படி முன்னால் நிற்பவர் அவர்தான். புதிதாகக் கடை போடுகிறவர்கள் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு முதலில் அங்கேதான் வருகிறார்கள். 2020 ஜூலையிலிருந்து இருக்கிற அந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. இணையத்தில் அதே மாதிரி பக்கம் வைத்து ஆயிரம், இரண்டாயிரம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதை எச்சரித்து ஒரு தாள் எழுதி, அவர் சுவரில் ஒட்டக் கொடுத்தேன். கூகுள் மேப்பில் கடையை ஏற்றவும் காசு வேண்டாம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். எதிர்ச் சாரியில் நின்று கடை முகப்பைப் படமெடுக்க வேண்டும், தேடி வருகிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். வாரவிடுமுறை நாளைச் சரியாகப் போட வேண்டும். பெயரோடு தொழிலையும் சேர்க்க வேண்டும். தாளின் அடியில் என் நம்பர்.

தையல் அக்காவுக்கு இரண்டு பார்லர்களிலிருந்து தை மாத முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வந்திருக்கிறது. ஒருத்திக்குத் தாவணி செட்டும் வேண்டுமாம். அக்காவுக்கு நேரமில்லை. குமாரகோவில் ரோட்டில் புதிதாகத் தைக்கத் தொடங்கியிருக்கும் பெண்ணின் நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் பலகைகூட இல்லை. நாளை காலை போய் என்ன எழுதலாம் என்று பேச வேண்டும்.