பின்வரிசையில் நின்றவர்



நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நூலகத்திலிருந்து படக்கலைக்களஞ்சியம் ஒன்றைத் தூக்கி வந்து என் மேசையில் விரித்தான். உரோமானியப் படைப்பிரிவு ஒன்று அணிவகுத்து நிற்கும் படம். முன்னால், தலைக்கவசத்தின் மீது குறுக்குவாட்டில் சிகை சூடிய தலைவர். அவரைப் பற்றி அவனுக்கு ஐயம் ஏதுமில்லை. வரிசைகளுக்கெல்லாம் பின்னால், நீண்ட கழியொன்றைப் பிடித்தபடி தனியே நின்றவரைத்தான் சுட்டிக்காட்டினான்.

"ஐயா, இவர் ஏன் கடைசியில் நிற்கிறார்? தாமதமாக வந்தவரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, விடை வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு தேட உட்கார்ந்தேன். அந்தத் தேடல் இன்றுவரை முடியவில்லை.

அவர் பெயர் 'ஒப்தியோ'. 'தெரிந்தெடுக்கப்பட்டவர்' என்பது பொருள். உரோமானியக் காலாட்படையின் அடிப்படை அலகு நூற்றுவர் பிரிவு. பெயரில்தான் நூறு, பேரரசுக் காலத்தில் அதில் இருந்தவர்கள் 80 பேர். கூடாரத்துக்கு எட்டுப் பேராகப் பத்துக் குழுக்கள். இப்பிரிவின் தலைவரைத் தமிழ் விவிலியம் படித்தவர்கள் அறிவார்கள்: 'நூற்றுக்கு அதிபதி', 'நூற்றுவர் தலைவர்' என்றெல்லாம் வருபவர் அவரே. அவருக்குக் கீழே மூவர் இருந்தனர். கொடியேந்தி ஒருவர், வீரர்களின் சேமிப்புப் பணத்துக்குக் கணக்கு வைத்தவரும் அவரே. இரவுக் காவலுக்கான அடையாளச் சொல்லைச் சிறு பலகையில் எழுதிச் சுற்றுக்கு விட்ட தெசராரியுஸ் ஒருவர். மூன்றாமவர் ஒப்தியோ, தலைவரின் துணைவர். போரில் அவர் இடம் பின்வரிசை. பின்வாங்க நினைப்பவனைக் கழியால் தடுத்து மீண்டும் வரிசையில் நிறுத்துவது அவர் பொறுப்பு.

ஊதியத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் விளங்கும். தெசராரியுஸுக்குச் சாதாரண வீரனைப்போல் ஒன்றரை மடங்கு. ஒப்தியோவுக்கு இரண்டு மடங்கு. அடுத்த படியான நூற்றுவர் தலைவருக்கோ ஏறத்தாழப் பதினைந்து மடங்கு என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. இரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே படிக்கட்டு இல்லை; ஒரே தாவல்தான்.

தலைவரின் கையில் இருந்தது திராட்சைக் கொடித் தண்டு. அதன் வேலை அடிப்பது. கி.பி. 14இல் அகஸ்டஸ் மறைந்தபோது பன்னோனியாவில் கிளர்ந்த படையினர் லூசிலியஸ் என்னும் தலைவரைக் கொன்றதாக டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். வீரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'இன்னொன்று கொண்டா'. முதுகில் அடித்துத் தண்டு முறிந்ததும், உரக்கக் கூவி அடுத்த தண்டைக் கேட்பாராம். பிரம்பு மேசை மேலிருந்த காலத்தில் ஆசிரியப் பணிக்கு வந்தவன் நான். இதைப் படித்தபோது சற்றே நெளிந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த மூவரும் அன்றாடம் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல சான்று பிரிட்டனின் வடபகுதியில், விண்டோலாண்டா என்னும் கோட்டையில் கிடைத்தது. 1973 முதல் அங்குச் சேற்றுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்களை எடுத்துவருகிறார்கள். அஞ்சலட்டை அளவுள்ள அவற்றில் மையால் எழுதப்பட்ட கடிதங்களும் கணக்குகளும் உள்ளன, கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றுள் ஒரே வாய்பாட்டில் அமைந்த அறிக்கைகள் பல. இருக்கவேண்டியவர்கள் எல்லாரும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறார்கள், மூட்டை முடிச்சுகளும் சரி, அறிக்கை கொடுத்தவர்கள் ஒப்தியோக்கள் என்பது சாரம். அவ்வளவுதான்.

இன்னொரு பலகையில் துங்கிரியர் முதற்பிரிவின் ஆள் கணக்கு இருக்கிறது. தேதி மே 18. மொத்தம் 752 பேர். நூற்றுவர் தலைவர்கள் ஆறு பேர். வெளியிடப் பணிக்குப் போனவர்கள் 456. கோட்டையில் எஞ்சியவர்கள் 296. அவர்களுள் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்ணோய்க்காரர்கள் 10. கண்ணோயைத் தனிக்கணக்காக எழுதிய அந்தக் கை எனக்குப் பிடித்திருக்கிறது. வருகைப் பதிவேடு எழுதியவர்களுக்கே அதன் அருமை தெரியும். ஆனால் என்னை நிறுத்திய எண் வேறு. அந்த 296 பேருடன் கோட்டையில் தங்கியிருந்த நூற்றுவர் தலைவர் ஒரே ஒருவர். மற்ற ஐவரும் வெளியே. அப்படியானால் அன்றைய காவலையும் கணக்கையும் கவனித்தவர்கள் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் அந்த மாணவனிடம், "அவர் பின்னால் நிற்பதால்தான் முன்னால் இருப்பவர்கள் ஓடுவதில்லை" என்றேன். உடனே கேட்டான்: "சரிங்க ஐயா, அவரே ஓடினால்?"

பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது! ஆனால் வரலாறு அதற்கும் விடை வைத்திருக்கிறது. கி.பி. 69 சனவரியில் பேரரசர் கால்பாவைக் கவிழ்க்க ஓதோ என்பவர் திட்டமிட்டார். மெய்க்காவற்படையின் தெசராரியுஸ் பார்பியஸ் புரோக்குலஸ், அதே படையின் ஒப்தியோ வெட்டூரியஸ் ஆகிய இருவரையும் பணத்தாலும் வாக்குறுதிகளாலும் வளைத்துக்கொண்டார். சனவரி 15 அன்று ஓதோவைப் பேரரசர் என்று முதலில் முழங்கியவர்கள் 23 பேர் மட்டுமே. மாலைக்குள் கால்பா கொல்லப்பட்டார். உரோமைப் பேரரசைக் கைமாற்ற இரண்டு கீழ்நிலைப் படையினர் முனைந்தார்கள், மாற்றியும் விட்டார்கள் என்று டாசிட்டஸ் வியந்து கசக்கிறார். எனக்கு இதில் வியப்பு அவ்வளவாக இல்லை. காவலர் யார், அடையாளச் சொல் எது, மனக்குறை உள்ளவன் எவன் என்பதெல்லாம் அவ்விருவருக்கும் தெரியும். பேரரசருக்குத் தெரியாது.

எல்லாரும் சதி செய்யவில்லை. பெரும்பாலோர் காத்திருந்தார்கள். கி.பி. 107இல் அரபு மாநிலத்திலிருந்து அப்போலினாரியஸ் என்னும் இளைஞர் எகிப்திலுள்ள தந்தைக்கு எழுதிய கடிதம் கராணிஸ் என்னும் ஊரில் கிடைத்தது. தம் அலுவலகத்தில் இடம் காலியில்லை, இப்போதைக்குப் படைப்பிரிவின் எழுத்தராக்குகிறேன், பின்னர் உயர்வு வரலாம் என்று ஆளுநர் சொன்னாராம். மற்றவர்கள் நாள் முழுதும் கல் உடைக்க, தாம் மட்டும் வேலையின்றி உலவுவதற்காகத் தெய்வத்துக்கு நன்றி சொல்கிறார் பிள்ளை. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

நானும் பதினோர் ஆண்டுகள் துணைத் தலைமையாசிரியராக இருந்தேன். சபைகூடலில் தலைமையாசிரியர் மேடையில் நிற்பார். நான் வரிசைகளின் பின்னால் நிற்பேன். இரண்டு முறை நேர்காணலுக்குப் போனேன். பாராட்டினார்கள். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை வருவதற்குள் ஓய்வு வயது வந்துவிட்டது.

ஆகவேதான் பின்வரும் கல்லை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் செஸ்டர் நகர வடக்கு மதிலைப் பழுதுபார்த்தபோது, மதிலுக்குள் அடுக்கப்பட்டிருந்த உரோமானியக் கல்லறைக் கற்கள் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று ஓர் ஒப்தியோவுக்கு உரியது. வெறும் ஒப்தியோ அல்லர். 'பதவியை எதிர்நோக்கியிருந்த ஒப்தியோ' என்று பொறித்திருக்கிறார்கள். அதாவது, நூற்றுவர் தலைவராகும் தகுதி பெற்று, இடம் காலியாவதற்காகக் காத்திருந்தவர். அந்தக் காத்திருப்புக்கே முறையான பெயர் இருந்திருக்கிறது! எங்கள் பதவிப் பெயர்களில் அப்படியொன்று கிடையாது.

கல்லின் மேற்பகுதி உடைந்து போனதால் அவர் பெயர் கிடைக்கவில்லை. அவருடைய தலைவரின் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது: லூசிலியஸ் இங்கெனுவுஸ். (முன்னர்ச் சொன்ன லூசிலியஸ் வேறு.) கப்பல் மூழ்கி இறந்தார் என்பது அடுத்த செய்தி. 'இவர் இங்கே கிடத்தப்பட்டுள்ளார்' என்பதை மூன்று எழுத்துகளால் சுருக்கிப் பொறிப்பது உரோமானியர் வழக்கம். இந்தக் கல்லில் பின்னிரண்டு எழுத்துகளே உள்ளன. 'இங்கே' என்பதைக் குறிக்கும் முதல் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கடல் உடலைத் திருப்பித் தந்தால் பொறித்துக்கொள்ளலாம் என்று விட்டதாக அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.