பூதம் இல்லாத சதுக்கம்

'தீம் பார்க்' என்னும் சொல் தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 1990களில், சென்னைப் புறநகரில் நீர்ச்சறுக்குகளும் இராட்டினங்களும் கொண்ட கேளிக்கைப் பூங்காக்கள் எழுந்தபின்னர்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1973-இல், ஒரு முழுக் கதையைக் கருவாகக் கொண்ட வளாகமொன்றைக் காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் நாம் கட்டிவிட்டோம். பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் அதைச் சூழ்ந்த மன்றங்களையும்தான் சொல்கிறோம். ஏழு நிலை மாடம். உள்ளே சுவரெங்கும் கதையைச் சொல்லும் புடைப்புச் சிற்பங்கள். வெளியே இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம். சங்கும் சிப்பியும் போலத் தோற்றங்கொண்ட தங்கும் விடுதிகள். ஒரு காப்பியத்துக்குள் நடந்து போகலாம் என்ற எண்ணத்தில் எழுந்த இடம் அது. இன்றைய அகராதியில் இதற்கு வேறு பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

இருந்தும் அங்கே கூட்டம் வருவதில்லை.

எங்கள் துறையிலிருந்து முதுகலை மாணவர்களை அழைத்துக்கொண்டு நாங்கள் பலமுறை சென்றிருக்கிறோம். பெரும்பாலும் வாரநாள்கள். எங்கள் பேருந்திலிருந்து இறங்கும் நாற்பது பேர்தாம் அன்றைய பெருங்கூட்டமாக இருப்போம். மயிலாடுதுறையிலிருந்து சற்றேறக்குறைய ஒரு மணிநேரப் பயணம், சீர்காழியிலிருந்தும் தொலைவில்லை. நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவரும் வேன்கள் நாள்தோறும் புதனுக்காகத் திருவெண்காட்டுக்கும் கேதுவுக்காகக் கீழப்பெரும்பள்ளத்துக்கும் வந்து போகின்றன. இரண்டும் பூம்புகாருக்குப் பக்கத்து ஊர்கள். அந்த வேன்களுள் ஒரு பகுதி திரும்பினாலே போதும், வளாகம் நிறைந்துவிடும். அவை திரும்புவதில்லை. கிரகத்துக்குப் பரிகாரம் உண்டு, காப்பியத்துக்கு என்ன பலன் என்று யாரேனும் கேட்டால் தமிழாசிரியர்களாகிய நம்மிடம் உடனடி விடை கிடையாது.

2020களின் தொடக்கத்தில், இருபத்து மூன்று கோடி ரூபாய்க்கும் மேலான செலவில் இவ்வளாகத்தைப் புதுப்பிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுப் பணிகளும் தொடங்கின. அந்நாளிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் இது ஒரு நிலையான பேச்சு. பூம்புகார் இனி எப்படி விரியும்? எப்படி விரியவேண்டும்? ஒலி ஒளிக் காட்சி, வண்ண நீரூற்று, படகுச் சவாரி, உணவகம் என்று எல்லாச் சுற்றுலாத் திட்டங்களுக்கும் பொதுவான பட்டியல் ஒன்று உண்டு. அவற்றில் குற்றமில்லை. பசித்த மாணவர்களோடு போனவர்கள் உணவகத்தை எதிர்க்க முடியாது. ஆனால் அப்பட்டியலை எந்த ஊருக்கும் எழுதலாம் என்பதுதான் எங்கள் மனக்குறை.

ஆளில்லாத பூங்காவை விரித்துக் கட்டினால் ஆள் வருவார்களா என்பது பூம்புகாருக்கு மட்டுமே உரிய கேள்வியன்று. ஆங்காங்கின் இலாந்தாவ் தீவில் 2005 செப்டம்பரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. முதல் ஆண்டில் 56 இலட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. அடுத்த ஆண்டு எண்ணிக்கை இன்னும் இறங்கியது. பூங்கா மிகச் சிறியது, பார்க்க அதிகமில்லை என்பதே பொதுவான குறை. எனவே 2011 முதல் 2013 வரை புதிய பகுதிகள் மூன்றைச் சேர்த்தார்கள். 2014-ஆம் நிதியாண்டில் 75 இலட்சம் பேர் வந்தார்கள். விரிவாக்கம் வென்றது என்று இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். ஆனால் 2016-இல் சாங்காயிலும் ஒரு டிஸ்னிலேண்ட் திறந்தது, அதற்கு முன்னரே ஆங்காங்கில் எண்ணிக்கை சரியத் தொடங்கியிருந்தது. இதைவிட எங்கள் மனத்தில் தங்கியது வேறொரு செய்தி. பூங்காவை ஒட்டி, இரண்டாம் கட்டத்துக்கென்று அறுபது எக்டேர் நிலத்தை ஆங்காங் அரசு ஒதுக்கி வைத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் அது வெற்று நிலமாகவே கிடந்தது. ஆர்வலர்கள் அந்த வெறுமையின்மேல் தம் கற்பனைக்கேற்ற கோட்டைகளையெல்லாம் எழுப்பி மகிழ்ந்தார்கள். 2020-இல் அந்நிலத்தின்மீது பூங்காவுக்கு இருந்த உரிமை காலாவதியாயிற்று, அரசு நீட்டிக்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் அங்கே எழுந்தது தனிமைப்படுத்தும் முகாம். மாயாலோகத்துக்கென்று வைத்த மண்ணில் நோய்க்கு அஞ்சிய மனிதர்கள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பூம்புகாருக்கு அப்படி ஒதுக்கிவைத்த வெற்று நிலம் கிடையாது. கிழக்கே விரிய முடியாது. அந்தப் பக்கத்தை முன்னரே கடல் எடுத்துக்கொண்டது. மன்னன் இந்திரவிழாவை மறந்ததால் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை காரணம் சொல்கிறது. காரணம் எதுவாயினும், 2004 டிசம்பர் 26-இல் அதே கடல் இக்கரையோரச் சிற்றூர்களுக்குள் புகுந்ததை நாம் கண்டோம். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் நீர்விளிம்பில் கட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே விரிந்தால் மேற்கேதான் விரியவேண்டும், ஊருக்குள்.

மேற்கேதான் மெய்யான புகார் கிடக்கிறது. 1960களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகைக் கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்தது. அம்மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவுக்குப் போயிற்று. பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் கிடைத்தது. கலைக்கூடத்தைப் பார்க்க வருவோரே சிலர். அச்சிலருள் இச்செங்கல்லைப் பார்க்கப் போவோர் மிகச் சிலர். சிமெண்டில் வார்த்த காப்பியம் கடற்கரையில் நிற்கிறது, காப்பியத்துக்கும் மூத்த செங்கல் சற்றுத் தள்ளி வேலிக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் நிழல் மரங்கள் கொண்ட ஒரு நடைபாதை, வழியில் நின்று படிக்கச் சில கற்பலகைகள். விரிவாக்கம் என்று எங்களைக் கேட்டால் முதற்செலவாக இதைத்தான் சொல்வோம். இராட்டினத்தைவிடச் செலவு குறைவு. உப்புக்காற்றில் துருப்பிடிக்கவும் ஏதுமில்லை.

அடுத்தது மன்றங்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோ ஐந்து மன்றங்களைக் காட்டுகிறார். வெள்ளிடை மன்றத்தில் பெயரும் அளவும் பொறித்த சரக்குப் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். களவாடியவன் அப்பொதியையே தலையில் சுமந்து, கழுத்து நோவ, இறக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருவான். இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கினால் கூனரும் ஊமரும் செவிடரும் தொழுநோயரும் குறை நீங்கி எழுவர். நெடுங்கல் மன்றத்தில் ஒளிவிடும் கல்லை வலம்வந்தால் வஞ்ச மருந்தால் பித்தேறியோரும் நஞ்சுண்டோரும் பேய் பிடித்தோரும் தெளிவர். பூதச் சதுக்கத்தில் ஒரு பூதம்: பொய்த் தவத்தோர், அரசனைக் காட்டிக்கொடுக்கும் அமைச்சர், பிறன்மனை விழைவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகியோரைக் கயிற்றால் கட்டி, அறைந்து உண்ணும். ஐந்தாவது பாவை மன்றம். அரசனின் கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையில் நடுவு பிறழ்ந்தாலும் அங்குள்ள பாவை வாய்திறந்து பேசாது, கண்ணீர் வடிக்கும்.

இன்றைய பூங்கா வடிவமைப்பாளர் எவரிடமேனும் இந்த ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். வேறெந்தக் கதையும் வேண்டாம் என்பார். ஒவ்வொன்றிலும் ஓர் இயக்கம் உண்டு. பார்ப்பவன் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. சுமக்கவேண்டும், மூழ்கவேண்டும், வலம்வரவேண்டும், அஞ்சவேண்டும், அழுவதைக் காணவேண்டும். 1973-இன் வளாகம் இவற்றுள் மூன்றை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட மூன்றும் உருவமாக நிற்கின்றனவே தவிர அவற்றின் தொழில் அங்கே நிகழவில்லை. கள்வனைக் காட்டிக்கொடுக்கும் மன்றமும் பொய்யனை உண்ணும் பூதமும் விடுபட்டன. இதில் உள்நோக்கம் தேடுவது நியாயமன்று. இடமும் பணமும் காரணமாயிருக்கும். ஆனாலும் நோய் தீர்க்கும் மன்றங்கள் இரண்டையும் கட்டி, குற்றத்தைத் தண்டிக்கும் மன்றங்கள் இரண்டையும் விட்டுவிட்ட அந்தத் தேர்வைக் காணும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு சிறு சிரிப்பு எழுவதுண்டு.

ஒருமுறை பாவை மன்றத்தருகே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, அந்தப் பூதத்த எங்க வச்சிருக்காங்க?" இல்லை என்றோம். "அப்ப பொய்ச்சாட்சி சொன்னவங்கள யாரு பிடிப்பா?" கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடைக்கலக் காதையை அவள் படித்திருந்தாள். பத்தினி ஒருத்தியின்மேல் பொய்க்கரி சொன்னவனைச் சதுக்கப்பூதம் பிடித்துக்கொள்ள, அவனுடைய தாயின் கதறலைக் கேட்ட கோவலன் தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடும்படி வேண்டுகிறான். கயவனுக்காக நல்லுயிரைக் கொள்ளும் வழக்கமில்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. அவன் இறந்தபின் அக்குடும்பத்தைக் கோவலன் பல்லாண்டு தாங்குகிறான். மதுரைக்கு வெளியே, கொலைப்படுவதற்குச் சற்று முன்னர், மாடலன் வாயால் இக்கதையை நாம் கேட்கிறோம். பொய்ச்சொல்லால் இறக்கப் போகிறவன், பொய்ச்சொல் சொன்னவனுக்காக இரந்தவன்.

அன்று திரும்பும் வழியெல்லாம் இதே பேச்சு. புகாரில் பூதம் இருந்தது; மதுரையில் இல்லை. இருந்திருந்தால் பொற்கொல்லன் அரண்மனை வாயிலைத் தாண்டியிருக்க மாட்டான். புகாரில் அழும் பாவை இருந்தது, மதுரையில் இல்லை. அங்கே கோல் வளைந்தபோது கண்ணீரோடு அவைக்குள் நுழைய ஒரு பெண்ணே வரவேண்டியிருந்தது. தன் ஊர் எது என்று பாண்டியனிடம் சொல்லும்போது அவள் புகாரின் அறவழங்கு மன்னர்களை நினைவூட்டுவதும் அதனால்தானோ என்னவோ. முதற்காண்டத்தில் ஒரு நகரக் காட்சியாக மட்டுமே படித்துக் கடந்த ஐந்து மன்றங்கள், வழக்குரை காதைக்கு இளங்கோ முன்கூட்டியே வைத்த சான்றுகள் என்று அப்பேருந்தில்தான் எங்களுக்குப் பட்டது. பூதச் சதுக்கத்தைக் கட்டவேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம், கூட்டம் சேர்ப்பது பிற்பாடு.

கூட்டம் வருவதேயில்லை என்று மேலே சொன்னது முழு உண்மையன்று. ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் போனால் நிற்க இடமிராது. காவிரி தன் கடைசிக் கதவணையைத் தாண்டி, ஓர் ஒடுங்கிய நீர்க்கோடாக வந்து கடலில் சேரும் அந்தச் சங்கமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தம் முன்னோரை நினைக்கிறார்கள். மூழ்கி எழுந்து ஈர உடையோடு ஊர் திரும்புகிறார்கள். கலைக்கூடத்துக்குள் நுழைவோர் அவர்களுள் மிகக் குறைவு. இதை அறியாமை என்று பழிக்கும் தமிழாசிரியர்கள் உண்டு; எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கடல்கொண்ட நகரத்தின் வாசலில் நின்று போனவர்களுக்கு நீர் விடுகிற மக்கள், காப்பியத்தின் சாரத்துக்கு நம்மைவிட அருகில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் வளாகம் வரவேண்டும். உடை மாற்ற நல்ல அறைகள், முதியோர் அமர நிழல், அந்த நிழலின் சுவரில் புகாரின் கதை. இலஞ்சி மன்றம் மூழ்கி எழுவதற்கான மன்றம்தானே; அதைச் சங்கமுகத்துக்குப் போகும் வழியோடு சேர்த்தால் என்ன?

சித்திரை நிறைமதியை ஒட்டி இந்திரவிழா எடுக்கும் வழக்கம் நம் காலத்தில் உயிர்பெற்றது. காப்பியத்தில் அது இருபத்தெட்டு நாள். நமக்கு அத்தனை நாள் கட்டுப்படியாகாது. ஆனால் விழா நாள்களில் மன்றங்களில் கூத்தாக அந்தந்த மன்றத்தின் கதையை நடிக்கலாம். பூதத்துக்குச் சிலைகூட வேண்டாம். தெருக்கூத்து வேடக்காரர் ஒருவர் போதும். சோழநாட்டுக் கிராமங்களில் அடவுகட்டி ஆடுபவர்களுக்கு இன்னும் பஞ்சமில்லை, அவர்களுக்கு ஊதியம்தான் பஞ்சம்.

வெள்ளிடை மன்றத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. காவலின்றிப் பொதிகளை அடுக்கிவைத்துவிட்டு, விரும்பியோர் ஒன்றைத் தலையில் தூக்கி மன்றத்தைச் சுற்றிவரச் செய்யலாம் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். பிள்ளைகள் விளையாட்டாகச் சுமப்பார்கள், பெரியவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதே காட்சி என்பது அவர் வாதம். பொதியின் எடை என்னவாக இருக்கவேண்டும் என்பதில் வந்து நிற்கிறது விவாதம். வரும் தை மாதத்தில் மாணவர்களோடு மறுபடியும் போகிறோம். இம்முறை கலைக்கூடத்தில் தொடங்காமல் கீழையூர்ப் படகுத்துறையில் இறங்கி, அங்கிருந்து கடல்வரை நடப்பதாகத் திட்டம்.