கட்டுமரத்தைக் குடையும் மோட்டார்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் அனுமந்தை. உப்பளங்களைத் தாண்டிக் குப்பத்துப் பக்கம் இறங்கினால், ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் கீற்றுக்கொட்டகை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் கட்டுமரம் அருகி ஃபைபர் படகு பெருகிவிட்டது. அதனாலோ என்னவோ, படகு வேலை ஓய்ந்த நேரத்தில் இங்குள்ள பெரியவர் தேக்குத் துண்டுகளில் முழ நீளக் கட்டுமரம் செதுக்குகிறார். நான் பிளாஸ்டிக் கப்பல் மாதிரிகள் ஒட்டுகிறவன். துளையிடவும் குடையவும் எந்தச் சிறு மோட்டாரை வாங்குவதென்று கேட்கத்தான் போனேன்.

அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று, கையிலேயே மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும் வகை. அமெரிக்காவின் ரசீன் நகரில் 1932இல் ஆல்பர்ட் டிரெமெல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் உலகமே அழைப்பது. மற்றது நகைப்பட்டறையிலிருந்து வந்தது: மோட்டார் கொக்கியில் தொங்கும், வளையும் தண்டின் நுனியில் விரல் பருமனில் கைப்பிடி, வேகத்துக்குக் காலடியில் பெடல்.

"முப்பத்தஞ்சாயிரம் சுத்து சுத்தும்னு இத வாங்கியாந்து குடுத்தான் பையன். எனக்கு எதுக்கு சார் அவ்ளோ வேகம்?" என்று முதலாவதை ஒதுக்கினார்.

கணக்கும் அவர் பக்கம்தான். நிமிடத்துக்கு 30,000 சுற்றில், மோட்டார் நுனியில் மாட்டும் 2 மி.மீ. வெட்டுமுனையின், அதாவது பிட்டின், விளிம்பு நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 10 மி.மீ. பிட்டின் விளிம்பு 15 மீட்டருக்கு மேல். தேக்கே கருகும். மாதிரிக் கப்பல்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கோ 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். வெட்டுப்படாமல் உருகிப் பிட்டில் அப்பிக்கொள்ளும். டிரெமெல் 4000 மாதிரியின் மிகக் குறைந்த வேகமே 5,000 சுற்று. பெடல் மோட்டாரைக் கால் நினைத்த அளவுக்குத் தணிக்கலாம். நான் கொண்டுபோன கப்பலின் பக்கச்சுவரில் அவர் சாளரத் துளைகள் போட்டார். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து. சுருள் சுருளாகச் சீவல் வந்தது, ஒரு துளையிலும் விளிம்பு இளகவில்லை.

உப்புக்காற்றுக்கு அவர் வைத்திருக்கும் வழி எளிது: வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றுவது, கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பது. முகத்துக்கு மட்டும் வெறும் துண்டு. ஃபைபர் படகின் கண்ணாடி இழைத்தூளுக்கு அது போதாது, சொன்னேன், சிரித்தார்.

மேசையில் பிளாஸ்டிக் மட்டும் ஒட்டுகிறவருக்குத் தொங்கும் மோட்டார் அதிகம். வேகக் கட்டுப்பாடுள்ள 12 வோல்ட் சிறு கருவி போதும். விற்பவர் அதிகபட்ச வேகத்தைத்தான் சொல்வார்; நீங்கள் குறைந்தபட்சத்தைக் கேளுங்கள். மெல்லிய பிட் ஒன்றை மாட்டி அந்த வேகத்தில் ஓடவிடச் சொல்லுங்கள். நுனி ஆடினாலோ, மரத்துண்டில் வைத்ததும் நின்றாலோ வாங்காதீர்கள்.