முகத்துக் கறைகளும் ஒரு குறிப்பேடும்

பதின்பருவத்தில் பரு வரும், தானாகப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். பரு போவது மெய்தான். ஆனால் மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் போன்றோர்க்குப் பரு இருந்த இடத்தில் கருங்கறை ஒன்று தங்கிவிடுகிறது. வீக்கத்தின்போது மிகுதியாகச் சுரந்த மெலனின் என்னும் நிறமியே அது. கறை மங்கப் பல மாதங்கள் ஆகும். பருவைக் கிள்ளினாலும், வெயில் பட்டாலும் அது மேலும் அடர்ந்துவிடும்.

என் தங்கைக்குப் பதினேழு வயதில் கன்னங்களிலும் தாடையோரத்திலும் இத்தகைய கறைகள் நிறைந்திருந்தன. உறவினர் ஒருவர் அன்போடு ஒரு களிம்பைக் கொடுத்தார். பத்தே நாளில் முகம் வெளுத்துப் பொலிந்தது. களிம்பை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. பருக்கள் முன்னிலும் மிகுந்தன. திருமண வீடுகளுக்குச் செல்வதை அவள் தவிர்த்தாள். பிறகு முகத்திரை அணியத் தொடங்கினாள். உம்மாவுக்கு மகிழ்ச்சி. ஓர் இரவு அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "லாத்தா, நான் அல்லாஹ்வுக்காக மூடலை. இந்தக் கறைய மறைக்கத்தான் மூடுறேன். இதுக்கு என்ன நிய்யத் வைக்கிறது?"

மறுவாரமே இருவரும் தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் களிம்புக் குழாயை வாங்கிப் படித்தார். மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் கலந்த மருந்து அது. மங்கு போன்ற குறைகளுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டியது, நிறம் கூட்டும் களிம்பாகக் கைமாறி வருகிறது. முகத்தில் தொடர்ந்து பூசும் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், பருவையும் கிளப்பும். மருந்துச் சீட்டின்றி ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை விற்கலாகாது என்று 2018-இல் அரசு விதித்த பின்னும் அவை நம் வீடுகளுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதலில் தோலின் எரிச்சல் தணிய ஈரப்பதமூட்டும் களிம்பு. அதன்பின் இரவில் அடாபலீன் 0.1 விழுக்காடு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் பருவுக்கும் கறைக்கும் பயன்படும் அசெலாயிக் அமிலம். பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும் என்றார்.

பன்னிரண்டு வாரம் பொறுப்பது பதினேழு வயதுக்கு எளிதன்று. எனவே ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் கட்டம் வரைந்தோம்: தேதி, காலை, இரவு, புதிய பருக்களின் எண்ணிக்கை, மாதவிலக்கு நாட்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை அதே சன்னலருகே, அதே நேரத்தில் ஒரு நிழற்படம்.

நேரம் குறிக்கத் தொழுகை வேளைகளே துணை நின்றன. ஒளுவுக்காக நாளில் பலமுறை முகம் கழுவுகிறோம். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டால் தோல் வறண்டுவிடும். ஆகவே ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் மட்டும் முகம் கழுவும் திரவம். மற்ற வேளைகளில் வெறும் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தாள். ஒளுவில் சன்ஸ்கிரீன் கரைந்துபோவதால் லுஹருக்குப் பின் மீண்டும் பூசினாள். இஷா தொழுது முடித்து, முகம் நன்கு உலர்ந்த பின் இரவு மருந்து.

மூன்றாம் வாரம் தோல் உரிந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட நினைத்தாள். ஏட்டைப் புரட்டினோம். முதல் வாரத்தில் 11 புதிய பருக்கள், அந்த வாரத்தில் 8. சிறிய வேறுபாடுதான், ஆயினும் அவள் தொடர்ந்தாள். ஒன்பதாம் வாரத்தில் அது 2 ஆயிற்று. உம்மா நிலக்கடலையின் மீது பழி போட்டுவந்தார். ஏடோ மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தையே ஒவ்வொரு மாதமும் சுட்டிக்காட்டியது. எட்டு மாதங்களில் கறைகள் பெரும்பாலும் மங்கின. இரண்டு சிறு பள்ளங்கள் மட்டும் எஞ்சின. பள்ளம் வேறு, கறை வேறு. பள்ளத்தைக் களிம்பு நிரப்பாது என்பதையும் அறிந்துகொண்டோம்.

முகத்திரையை அவள் தொடர்கிறாளா என்று கேட்பவர்களுக்கு நான் விடை சொல்வதில்லை. அது அவளுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் உரியது. அவள் முடிவெடுத்த நாளில் அதில் கறைகளுக்குப் பங்கில்லை. எனக்கு அது போதும்.

சகோதரிகளே, நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் நமக்குக் காட்டிய வழி. பெயர் தெரியாத களிம்பை எவர் கொடுத்தாலும் குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் அடாபலீனைத் தவிர்த்து மருத்துவரைக் கேளுங்கள். இளம்பெண் ஒருத்தியைச் சந்தித்தால் ஸலாம் சொல்லி, அவள் படிப்பைக் கேளுங்கள். முகத்தைப் பற்றி அவளாகச் சொன்னாலன்றி நாம் பேச வேண்டியதில்லை.